வாங்கில் அமரும் தகைமை

குகநாதனுக்கு வலது கால் ஆடும். உட்கார்ந்தால் ஆடும். கதிரை, ரயில் இருக்கை, செத்தவீட்டில் போடும் நீள வாங்கு என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. சுவிஸில், ஓல்டன் நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் காலை முதல் மாலை வரை பெட்டிகளின் பின்னால் ஓடுகிற மனிதர். ஓடப் பழகிய கால், இரு என்று சொன்னால் முறுகிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கால் ஒரு விளையாட்டு நிறுவனத்தையே கலங்கடிக்கும் என்று அவரும் நினைக்கவில்லை, காலும் நினைக்கவில்லை.

நிறுவனத்துக்கு வருமுன் விளையாட்டைச் சொல்லிவிட வேண்டும். பெயர் கேர்லிங். பனித்தரையில், கைபிடி வைத்த ஒரு கனத்த கல்லைச் சறுக்கி விடுவார்கள். அது தன்பாட்டில் போகும். அதற்கு முன்னால் இரண்டு பேர் தும்புத்தடி மாதிரி, நீளப் பிடி வைத்த துடைப்பம் ஒன்றை வைத்துக்கொண்டு பனியைத் தேய்த்தபடி ஓடுவார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். மறுகரையில் வரைந்திருக்கும் வட்டங்களுக்குப் பெயர் வீடு. யாருடைய கல் வீட்டின் நடுவுக்குக் கிட்ட நிற்கிறதோ அவருக்குப் புள்ளி.

இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தேய்க்கிறவரின் தடி ஓடும் கல்லில் பட்டுவிட்டால் அந்தக் கல் கெட்டது. எரிந்த கல் என்பார்கள். அதைப் பிடிக்க விசிலோடு யாரும் நிற்பதில்லை. பட்டவரே கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். அந்தக் கல்லை என்ன செய்வது என்று எதிரணித் தலைவி சொல்வார். ஆட்டம் முடிந்தால் எல்லாரும் கைகொடுப்பார்கள். வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க ஏதாவது வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு விஷயம் இவ்வளவு ஒழுங்காகத் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தால் அதைத் திருத்த யாராவது வரத்தானே வேண்டும்? வந்தார்கள்.

அவர்கள் வரும்போது குகநாதனின் மனைவி தனலட்சுமி மூன்றாவது குளிர்காலமாகக் கேர்லிங் விளையாடிக்கொண்டிருந்தார். அவருக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. இல்லத்து ஊழியர்களை ஒரு வருஷம் உல்லாசப் பயணம் என்று பனி மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாரும் விழுந்தார்கள், சிரித்தார்கள், கேக் சாப்பிட்டுத் திரும்பினார்கள். தனலட்சுமி மட்டும் தேய்க்கும் தடியைத் திருப்பிக் கொடுக்க மறந்து பஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். பிறகு அதே இல்லத்தில் தாதியாக இருக்கும் சஜீதா தலைவியாக, சமையலறை ரோஸ்மாரியும் சலவைப் பகுதி மரியாவும் சேர ஓர் அணி உண்டாயிற்று.

பேர்ன் கோயிலில் தவராஜா என்று ஒருவர், சபை உறுப்பினர், கேட்டார்: "என்ன தனலட்சுமி அக்கா, வேலையிலயும் துடைக்கிறியள், விளையாட்டிலயும் துடைக்கிறியளோ?"

"அங்க துடைச்சா கல்லாவது போகுது, தம்பி. வீட்டில துடைச்சா என்ன போகுது?" என்றார் தனலட்சுமி.

குகநாதனுக்குக் கேர்லிங் பிடிக்காது. குளிர். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீரும் போட்டு இருக்க ஒரு சின்ன மெத்தையும் கொண்டுபோய் வாங்கில் இருப்பார். ஆட்டம் முடிந்து வரும்போது தனலட்சுமி பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துக் கதைப்பார். வருஷக்கணக்காக அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டிருக்கவில்லை. அது எங்கே போயிருந்தது என்று தேடவும் இல்லை. இப்போது கிடைத்ததை விட்டுவிடப் பயமாக இருந்தது. அதற்காகத்தான் போனார்.

இரண்டாயிரத்துப் பதினேழு இலையுதிர்காலத்தில் மண்டபப் பொறுப்பாளர் ரூடி அணியைக் கூப்பிட்டுச் சொன்னார். கேர்லிங் பயிற்றுநர் தகைமை அவை என்று வேறு நகரங்களில் சில வருஷமாக இருந்த ஒன்று இப்போது ஓல்டனுக்கும் வந்திருக்கிறது. இனிமேல் தகைமை பெற்ற பயிற்றுநர் வாங்கில் இல்லாமல் எந்த அணியும் பனியில் கால் வைக்க முடியாது. படித்துக்கொண்டிருப்பவர் என்றால் இந்தப் பருவத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி.

"பயிற்றுநர் ஆட்டத்தின்போது என்ன செய்வார்?" என்று ரோஸ்மாரி கேட்டாள்.

"ஒன்றும் செய்யக் கூடாது. வாங்கில் இருக்க வேண்டும். கதைக்கவும் கூடாது, அணி இடைநேரம் கேட்டால் ஒழிய" என்றார் ரூடி.

நான்கு பெண்களும் திரும்பி வாங்கைப் பார்த்தார்கள். அங்கே மெத்தைமேல் குகநாதன் இருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், நீங்க ஏற்கனவே அங்கதானே இருக்கிறீங்க. ஜஸ்ட் ஒரு பேப்பரோட இருந்தா சரி" என்றாள் சஜீதா.

"எனக்கு உந்த விளையாட்டே விளங்காதே, பிள்ளை."

"அது பிரச்சினை இல்லையாம். கேட்டிட்டன்."

தனலட்சுமி தடியின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தால் குகநாதன் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. ஆகவே ஓம் என்று சம்மதித்தார்.

பாடநெறி பேர்னில், பூம்ப்ளிஸ் பக்கம், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. அங்கே பனி இல்லை. வெப்பமூட்டி நன்றாக வேலை செய்தது. சுவரில் கல்லின் படம்கூட இல்லை. பயிற்றுநர்களைப் பயிற்றும் அம்மையார் ஃப்ராவ் ஹெஃப்லிகர் அதற்கான காரணத்தை முதல் நாளே விளக்கினார்.

"பனியில் தொடங்கினால் நீங்கள் கல்லைப் பார்த்துவிடுவீர்கள். கல்லைப் பார்த்தவர் ஆட்டத்தில் ஆர்வம் கொள்வார். ஆர்வம் கொண்டவர் வாங்கில் அசைவார். எமது அவை கடுமையான ஆய்வுக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: நல்ல பயிற்றுநருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் ஆட்டமே."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் சூக் நகரிலிருந்து வந்த பல் வைத்தியர் ஒருவர் அழகாகக் கோடிட்டும் கொண்டார். அவர் ஏற்கனவே மிக உயர்ந்த தகைமை வரை பெற்றவர். சூக் பெண்கள் அணியின் பயிற்றுநர். மறந்துபோகாதிருக்க ஒவ்வொரு வருஷமும் தொடக்கத்திலிருந்து திரும்பப் படிப்பாராம். இடைவேளையில் குகநாதன் அவரிடம், அணி எப்படி விளையாடுகிறது என்று மரியாதைக்குக் கேட்டார்.

"தெரியாது. மண்டபம் குளிர் என்று கேள்விப்பட்டேன். வாங்கில் என் கோட்டை வைத்துவிட்டு உணவகத்தில் இருப்பேன். அதற்கு விதியில் இடம் இருக்கிறது" என்றார் பல் வைத்தியர்.

முதல் அலகின் பெயர் 'அமர்தல்'. அதில் வெற்றியின்போது அமர்தல், தோல்வியின்போது அமர்தல், முடிவு தெரியாத நிலையில் அமர்தல் என்று பிரிவுகள். வரிசையாக வாங்குகள் போட்டு எல்லாரையும் இருக்கச் சொன்னார்கள். குகநாதன் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வாங்குக்காரரின் தண்ணீர்க் கிளாஸ் மெல்லக் கிலுகிலுத்தது. ஃப்ராவ் ஹெஃப்லிகர் வந்து குனிந்து பார்த்தார். இன்னொரு உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இடது காலையும் பார்த்து, ஒப்பிட்டு, எழுதினார்.

"இது எப்போதிருந்து?"

"இருக்கச் சொன்னதிலிருந்து" என்றார் குகநாதன்.

முதல் தடவை 'அமர்தலில்' அவர் சித்தியடையவில்லை. இரண்டாம் தடவை இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கால் நின்றது, தோள் ஆடத் தொடங்கியது. அதற்கென்று தனியாக ஓர் அவதானிப்பாளரை நியமித்தார்கள். அந்த அவதானிப்பாளர் சரியாக அவதானிக்கிறாரா என்று பார்க்க மூலையில் இன்னொருவர் இருந்தார்.

ரயிலில் ஓல்டனுக்குத் திரும்பும்போதெல்லாம் குகநாதன் எழுந்து எழுந்து நடப்பார். ரயில் நின்றால் ஏன் நிற்கிறது என்றிருக்கும், போனால் ஏன் இவ்வளவு கெதியாகப் போகிறது என்றிருக்கும். ஒரு காலைக் கட்டிவைக்க முடியாமல் மனுசியின் விளையாட்டைக் கெடுத்துவிடுவேனோ என்ற யோசனை அவரை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை.

வீட்டில் தனலட்சுமி பயிற்சி கொடுத்துப் பார்த்தார். கதிரையில் இருத்தி, முழங்காலின் மேல் ஒரு கோப்பை தேநீரை வைத்தார்.

"இப்ப ஆட்டுங்கோ பாப்பம்."

"நான் ஆட்டேல்லையப்பா. அது தானா ஆடுது."

"இஞ்ச, ஊத்துண்ணப் போகுது! வடிவா மூச்சை விடுங்கோ."

தேநீர் ஊற்றுண்டது. கம்பளமும் நனைந்தது. தனலட்சுமி துணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். குகநாதனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"தனம், நான் பெயிலானால் உமக்கு விளையாட ஏலாது."

"தெரியும்."

"வேற ஆரையும் பிடிப்பமோ?"

"ரோஸ்மாரியின்ர மனுசன் வரமாட்டானாம். சஜீதான்ர தாய்க்கு முழங்கால் வருத்தம். நீங்கள்தான் இருக்கிறியள்." துடைத்து முடித்து நிமிர்ந்தார். "நான் உங்களை ஏசினனானோ? படியுங்கோ."

அடுத்து வந்தது 'மௌனம்' என்ற அலகு. அன்று ஃப்ராவ் ஹெஃப்லிகர் காலை முழுவதும் மௌனத்தைப் பற்றிப் பேசினார். மத்தியானத்துக்குப் பிறகு கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கினார். கேள்வி கேட்டவர்களுக்குப் புள்ளி குறைத்தார்.

'கைலாகு' அலகு இன்னும் நுட்பமானது. ஆட்டம் முடிந்ததும் கைகொடுக்கும் வழக்கத்தை அவை ஆராய்ந்து, மனிதர்கள் அதை ஆளுக்கொரு மாதிரிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தது. ஆகவே சுவரில் ஓர் இறப்பர்க் கையைப் பூட்டி வைத்திருந்தார்கள். எல்லாரும் வரிசையாகப் போய் அதைப் பிடித்துக் குலுக்கி, 'நல்ல கல்' என்று வாழ்த்த வேண்டும். வென்றவரின் கைலாகில் அனுதாபமும் தோற்றவரின் கைலாகில் மகிழ்ச்சியும் அளவோடு இருக்க வேண்டும். பல் வைத்தியர் குலுக்கியபோது ஃப்ராவ் ஹெஃப்லிகர் கண் கலங்கினார். குகநாதன் குலுக்கியபோது இறப்பர்க் கை சுவரைவிட்டுக் கழன்று வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அறை முழுக்க நடந்தார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல், கிட்ட இருந்த கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார். அங்கே தவராஜா பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, சுவிஸ் ரீமுக்குக் கோச்சாமே! ஒரு வார்த்தை சொல்லேல்லையே எங்களுக்கு!"

"இல்லைத் தம்பி. நான் வாங்கில இருக்கிறதுக்குப் படிக்கிறன்."

"பாத்தியளே அடக்கத்தை!" என்று தவராஜா பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், எமது இனத்தின் முதலாவது பனிவிளையாட்டுப் பயிற்றுநருக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்கு அடுத்த வெள்ளி, சான்றிதழின் பிரதியைச் சபையிடம் கொடுத்த பிறகுதான் பொன்னாடை என்று திருத்தி அறிவித்தார்கள். குகநாதன் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசி அலகு 'நேர்மை'. அதை எடுப்பதற்கு அவையின் தலைவர் ஹெர் ட்சும்ஸ்டைன் நேரில் வந்தார். நெடிய மனிதர். சட்டைப்பையில் ஒரு வெள்ளிப் பேனாவும் முகத்தில் நிரந்தரமான துயரமும் வைத்திருந்தார். எழுந்து நின்று பேசினார்.

"அன்பர்களே, தவறு செய்தவரே அதை ஒப்புக்கொள்ளும் விளையாட்டு கேர்லிங். நேர்மை எமது விலைமதிக்க முடியாத சொத்து. இவ்வளவு விலைமதிக்க முடியாத ஒன்றை இத்தனை காலமும் வெறும் விளையாட்டு வீரர்களின் கையில் விட்டுவைத்திருந்தோம் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு பெண் தடியால் கல்லைத் தொட்டுவிடுகிறாள் என்று வையுங்கள். உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிடுகிறாள். எந்தப் பயிற்சியும் இல்லாமல்! எவருடைய மேற்பார்வையும் இல்லாமல்! இதுவா நேர்மை? இது ஒரு பழக்கம், அவ்வளவுதான்."

இனிமேல் கல்லைத் தொட்டவர் வாய் திறக்கக் கூடாது. இடைநேரம் கேட்டு, பயிற்றுநரிடம் இரகசியமாகத் தெரிவிக்க வேண்டும். பயிற்றுநர் அந்த ஒப்புதல் ஏற்கத்தக்கதா என்று மதிப்பிட்டு அவைக்கு எழுதுவார். அவை கூடி ஆராயும்.

குகநாதன் கையை உயர்த்தினார். "அதற்குள் ஆட்டம் முடிந்துவிடுமே?"

"அதனால்தான் எம்மால் உணர்ச்சிவசப்படாமல் ஆராய முடிகிறது" என்றார் ஹெர் ட்சும்ஸ்டைன்.

பருவத்தின் முடிவில் வசந்தக் கிண்ணம் என்று ஒரு போட்டி. ஓல்டன் அணி தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி சூக். அந்த ஆட்டத்தையே குகநாதனின் செய்முறைப் பரீட்சையாகவும் வைப்பது என்று அவை தீர்மானித்தது. அதில் சித்தியடைந்தால் சான்றிதழ். அணி வென்றிருந்தால் இறுதியாட்டமும் விளையாடலாம், அடுத்த பருவமும் விளையாடலாம். தவறினால் தற்காலிக அனுமதி அன்றோடு சரி. தனலட்சுமி அன்று விடியவே எழும்பி, ஒரு தரம் துடைத்த சப்பாத்தை இன்னொரு தரம் துடைத்தார்.

மண்டபத்துக்குப் போனபோது இருவருக்கும் வேறு எங்கேயோ வந்துவிட்டோமோ என்றிருந்தது. நான்கு பனித் தடங்களில் மூன்றின் மேல் பூப்போட்ட கம்பளம் விரித்து, கதிரை அடுக்கியிருந்தார்கள். அதில் பரீட்சகர்கள், பரீட்சகர்களை மதிப்பிடுகிறவர்கள், மதிப்பிடுகிறவர்களாக வருவதற்குப் படிக்கிறவர்கள் என்று ஊரே இருந்தது. எல்லாருக்கும் முழங்காலுக்குக் கம்பளிப் போர்வை. விளையாட்டைப் பார்க்க வந்த முதியோர் இல்லத்து ஆட்களுக்கு இடமில்லை. ரூடி அவர்களைச் சப்பாத்து வைக்கும் அறையில் நிற்க வைத்திருந்தார். மிஞ்சிய ஒரு தடத்தில் ஆட்டம் நடக்க வேண்டும்.

வாங்கின் ஒரு முனையில் பல் வைத்தியரின் கோட்டு இருந்தது. மறுமுனையில் குகநாதன் இருந்தார். அவருக்கு நேர் எதிரே, முழங்காலின் உயரத்துக்கு, ஓர் அவதானிப்பாளர் சின்னக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. குகநாதன் காலைப் பார்த்தார். கால் கொஞ்சம் யோசித்தது. அவர் மெத்தையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தார். கல் உரசிப்போகும் சத்தமும், சஜீதா மறுகரையிலிருந்து கத்துவதும், தடிகள் பனியில் அரைபடுவதும் காதில் விழுந்தன. யார் முன்னுக்கு என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கலாம், ஆனால் நிமிர்ந்தால் கால் ஆடும் என்று உள்ளுக்குள் தெரிந்தது. பெருவிரலை மடக்கிச் சப்பாத்துக்குள் அழுத்தினார். முதுகு வியர்த்தது. இவ்வளவு குளிருக்குள் வியர்த்து அவர் கண்டதில்லை. கால் ஆடவில்லை. அவதானிப்பாளரும் அதை நம்ப முடியாமல் கிட்டக் குனிந்தார்.

கடைசிச் சுற்று சமநிலையில் வந்து நின்றது. கடைசிக் கல் ஓல்டனுடையது. சஜீதா விட்டாள். தனலட்சுமியும் மரியாவும் முன்னால் தேய்த்துக்கொண்டு ஓடினார்கள். கல் வீட்டுக்குள் வந்து, சூக்கின் கல்லை மெல்லத் தள்ளிவிட்டு, நடுவுக்குப் பக்கத்தில் நின்றது. சப்பாத்து அறையிலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. முதியோர் இல்லத்து ஆட்கள். ஓல்டன் வென்றுவிட்டது.

தனலட்சுமி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பட்டுவிட்டது. என் தடி. வீட்டுக்குள் வரும்போது" என்றார் ஜெர்மனில்.

சூக் அணியின் தலைவி வ்ரேனி, வெள்ளை முடியும் சிவந்த மூக்குமாக ஒரு பெரிய மனுசி. அவர் குனிந்து பார்த்தார், யோசித்தார். "பட்டிருக்காவிட்டால் அவ்வளவு தூரம் வந்திராது" என்று சொல்லி ஓல்டன் கல்லைக் காலால் ஒதுக்கினார். தன் கல்லைப் பழைய இடத்தில் வைத்தார். "நாங்கள் வென்றோம். நல்ல ஆட்டம்." கையை நீட்டினார். தனலட்சுமி கைகொடுத்தார். முகம் வாடியிருந்தது, ஆனாலும் கொடுத்தார். எட்டுப் பேரும் கைகொடுத்து முடிந்தது. நியாயமாகக் கதையும் இங்கே முடிந்திருக்க வேண்டும்.

கம்பளத்திலிருந்து ஹெர் ட்சும்ஸ்டைன் எழுந்தார். சாதாரணச் சப்பாத்தோடு பனியில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் வீட்டுக்குப் பதிலாகச் சுவரை நோக்கிப் போனார். இரண்டு மதிப்பீட்டாளர்கள் அவரைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் அவர்களுடைய தோள்களில் தொங்கியபடியே பேசினார்.

"இந்த ஒப்புதல் செல்லாது. இந்தப் பெண் இடைநேரம் கேட்கவில்லை. பயிற்றுநரிடம் சொல்லவில்லை. எந்தத் தகைமையும் இல்லாமல், பகிரங்கமாக, நேரடியாக உண்மை பேசியிருக்கிறார். இதை அனுமதித்தால் நாளைக்கு எவரும் உண்மை பேசலாம் என்று ஆகிவிடும். பிறகு நாங்கள் எதற்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு யாராவது பதில் சொல்வார்களோ என்று ரூடி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கல் நின்ற இடத்தில் நின்றதாகவே கொள்ளப்படும். ஓல்டன் வெற்றி" என்றார் ஹெர் ட்சும்ஸ்டைன்.

"எரிந்த கல்லை வைத்து என்னை வீட்டுக்கு அனுப்புகிறீர்களா? அவர் பட்டது என்கிறார், நான் சரி என்கிறேன். கைகொடுத்தாயிற்று" என்றார் வ்ரேனி.

"உங்கள் கைலாகும் தகைமையற்றது, அம்மணி." அவர் வாங்கின் பக்கம் திரும்பினார். அவரைச் சுமந்தவர்களும் திரும்பினார்கள். குரல் இளகியது. "பரீட்சார்த்தி குகநாதன், நீங்கள் இன்று அற்புதமாக அமர்ந்தீர்கள். அவையே பெருமைப்படுகிறது. ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. பயிற்றுநர் கல்லில் தடி படுவதைக் காணவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் சான்றிதழ் என் பையில் இருக்கிறது. உங்கள் அணி இறுதியாட்டத்துக்குப் போகலாம்."

குகநாதன் எழுந்தார். இத்தனை மாதம் படித்ததில் இப்படியொரு சிக்கல் எந்த அலகிலும் வரவில்லை. ஏனென்றால் அவர் உண்மையாகவே காணவில்லை. கல் வரும்போது அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காணவில்லை என்பது பச்சை உண்மை. அதைச் சொன்னால் போதும். பொய் ஒரு சொல்லும் இல்லை. தனலட்சுமி விளையாடலாம், சிரிக்கலாம், பஸ்ஸில் கதைக்கலாம். குகநாதனுக்கு அது வேண்டும்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ. உங்களைத்தானே கேக்கிறாங்கள்" என்றார் தனலட்சுமி தமிழில்.

"தனம், பட்டதோ?"

"பட்டிட்டுது."

குகநாதன் ஹெர் ட்சும்ஸ்டைனிடம் திரும்பினார். "நான் காணவில்லை" என்றார்.

ஹெர் ட்சும்ஸ்டைனின் கை பைக்குள் போயிற்று.

"நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பட்டது."

"காணவில்லை என்கிறீர்கள். பிறகு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா."

"அது ஆதாரம் அல்லவே!"

"எனக்கு அது காணும், போதும்" என்றார் குகநாதன். கடைசி இரண்டு பதில்களையும் அவர் தமிழில்தான் சொன்னார். யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. வ்ரேனி பலமாகக் கைதட்டினார். மௌனம் அலகில் தேறிய கம்பளத்து ஆட்கள் அசையாமல் இருந்தார்கள்.

முடிவுகளை அங்கேயே வாசித்தார்கள். அமர்தல்: அதிவிசேட சித்தி, இந்த அவையின் வரலாற்றிலேயே மிகவும் அசைவற்ற கால். மௌனம்: சித்தியில்லை. நேர்மை: சித்தியில்லை, காரணம், பரீட்சார்த்தி தன் அணி வீராங்கனையின் சொல்லை நம்பினார். ஓல்டன் அணிக்குப் பயிற்றுநர் இல்லாதபடியால் போட்டியிலிருந்து நீக்கம். ஆகவே சூக் இறுதியாட்டத்துக்குத் தெரிவு. அதாவது வ்ரேனி முதலே சொன்ன முடிவு, ஆனால் முறைப்படி.

சூக் பெண்கள் வழக்கப்படி ஓல்டன்காரிகளுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தார்கள். குகநாதன் தன் போத்தலில் இருந்த இஞ்சித் தேநீரைச் சின்னக் கோப்பைகளில் எல்லாருக்கும் ஊற்றினார். உணவகத்தில் கதிரையில் இருந்ததும் கால் ஆடத் தொடங்கிவிட்டது. மேசை முழுவதும் கிளாஸ்கள் கிலுகிலுத்தன.

பஸ்ஸில் தனலட்சுமி சிரிக்கவில்லை. யன்னலைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்தார். குகநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழும்பிக் கதவுவரை போய் வந்தார்.

"காணேல்லை எண்டதோட நிப்பாட்டியிருந்தியளெண்டா நான் ஃபைனல் விளையாடியிருப்பன்" என்றார் தனலட்சுமி.

"நிப்பாட்டியிருக்கலாமோ?"

"நிப்பாட்டியிருந்தியளெண்டா நான் உங்களோட இந்த பஸ்ஸில வந்திருக்கமாட்டன். இருங்கோ பேசாமல். ஆள் நடந்து நடந்து எனக்குத் தலை சுத்துது."

வசந்தக் கிண்ண இறுதியாட்டத்தை அவை, பூம்ப்ளிஸ் பக்கம் பாடநெறி நடந்த அதே மேல்மாடியில் வைத்தது. சூக் பெண்கள் போக மறுத்துவிட்டார்கள். பயிற்றுநர் வேண்டுமானால் போகட்டும் என்றார்கள். பல் வைத்தியர் போனார். பனி இல்லை என்பதால் கோட்டுக்குப் பதில் தானே. மற்ற இறுதியணியின் நான்கு பேரும் அந்த வாரம் பயிற்றுநர் பாடநெறியில் இருந்தார்கள். அவர்களுடைய பயிற்றுநர் மட்டும் வந்தார். இருவரும் எதிரெதிர் வாங்குகளில் மாலை வரை அமர்ந்தார்கள். கிண்ணத்தை இருவருக்கும் பகிர்ந்தளித்த ஹெர் ட்சும்ஸ்டைன், ஒரு கல்கூட எரியாத முதல் இறுதியாட்டம் இதுவே என்று உரையாற்றினார். அவை எழுந்து நின்று கைதட்டியது.

அதே ஞாயிற்றுக்கிழமை ஓல்டன் மண்டபத்தில் ரூடி கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கம்பளத்தின் பூக்கள் பனியில் அப்படியே பதிந்திருந்தன. அந்தத் தடங்களில் ஆறு மாதத்துக்கு அதிகாரபூர்வமான ஆட்டம் வைக்க முடியாது என்று அவை அறிவித்திருந்தது. அதிகாரபூர்வமில்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சூக் பெண்கள் காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். பூக்களின் மேல் கல் நேராகப் போகாமல் குடிகாரன் மாதிரிப் போயிற்று. எட்டுப் பெண்களும் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே களைத்தார்கள்.

வாங்கு காலியாக இருந்தது. குகநாதன் தடத்தின் ஓரமாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் நடந்துகொண்டிருந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. அவர் முதுகு காட்டி நடக்கும்போது பின்னால் தனலட்சுமியின் குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ! கண்டனீங்களோ?"

"இல்லை. என்ன?"

"பட்டிட்டுது!"

மறுகரையில் நின்ற வ்ரேனி, கல்லை எடுத்துவிடும்படி குகநாதனுக்குக் கை காட்டினார். அவர்தான் கிட்ட நின்றார். பனியில் காலை மெல்ல வைத்து, குனிந்து, கைபிடியைப் பிடித்தார். அவ்வளவு காலம் படித்தும் கேர்லிங் கல் ஒன்றை அவர் தொடுவது அன்றுதான் முதல் தடவை. நல்ல பாரமாக இருந்தது.